மாத்திரை வீடு தேடி வருகிறது, நாம் கதவைத் திறக்கிறோமா?

நமது மஹல்லாவில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது, சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றால் ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் துண்டேந்தி வசூல் செய்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்ததா, மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினார் என்று நாம் கேட்பதில்லை.

2020இல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட ஆய்வு ஒன்று அதிர்ச்சியான உண்மையைச் சொன்னது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருந்தது.

இத்தனைக்கும் இது மருந்துக்குப் பஞ்சமான மாநிலம் அல்ல. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பி வருகிறது. அங்கு மாத்திரை இலவசம். ஆனால் அதை வாங்கப் போகும் நாளின் கூலி போய்விடும். ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலைக்குப் போகிறவருக்கும், வீட்டில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் அது பெரிய இழப்பு. மகன் வளைகுடாவில் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் வயதான தாயை யார் அழைத்துப் போவது? வசதியுள்ளவர் மாதாமாதம் கடையில் வாங்கிக்கொள்கிறார். ஏழையின் மாத்திரைதான் நின்றுபோகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இடைவெளியைக் குறிவைத்த திட்டம். பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அது அவசியமானது. ஆனால் காப்பீடு பெரும்பாலும் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்த பிறகே கைகொடுக்கிறது. தினமும் விழுங்கும் மாத்திரைக்கு அதில் பணம் கிடைக்காது. ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் உள்ள ஆரோக்கிய இடைவெளியைக் குறைக்க, நோய் முற்றுவதற்கு முன்பே செலவழிக்கும் கொள்கைதான் தேவை.

குறைகளும் இருக்கின்றன. வீடு தேடி வரும் தன்னார்வலர்களுக்கு ஊக்கத்தொகைதான் கிடைக்கிறது. நிரந்தரப் பணி இல்லை. பகலில் வேலைக்குப் போகும் ஆண்கள் விடுபட்டுப் போகிறார்கள். நாட்டின் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை 2025க்குள் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது 2017 தேசிய சுகாதாரக் கொள்கையின் இலக்கு. அந்த இலக்கு எட்டப்படவில்லை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதைத் தட்டிக் கேட்க வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. வருகிறவர் பெண்தான் என்பதால் நம் வீட்டுப் பெண்கள் தயங்கத் தேவையில்லை. ஜமாஅத் நிர்வாகிகள் பகுதி சுகாதார நிலையத்திடம் பேசி, விடுமுறை நாளில் மதரஸா கூடத்திலேயே பரிசோதனை நடத்தக் கேட்கலாம். மஹல்லாவில் தனியாக இருக்கும் முதியோர், படுக்கையில் இருப்போர் பட்டியலைத் தன்னார்வலரிடம் கொடுக்கலாம். சிகிச்சைக்கு வசூல் செய்யும் அதே அக்கறையை, அந்த நிலை வராமல் தடுப்பதிலும் காட்டுவோம்.