தலைகளை எண்ணினால் படை ஆகாது

ராஜராஜன் படையைப் பற்றி நம்மாட்கள் பேச ஆரம்பித்தால் எண்ணிக்கையில்தான் ஆரம்பிப்பார்கள். ஒருவர் யானை ஆயிரம் என்பார், அடுத்தவர் பத்தாயிரம் என்பார். வீரர்கள் கணக்கோ லட்சத்துக்குக் கீழே இறங்காது! எனக்கென்னவோ, பெருமைப்பட வேண்டிய விஷயத்தை விட்டுவிட்டு வேறு எதற்கோ பெருமைப்படுகிறோம் என்றே தோன்றுகிறது.

1010-ல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் சோழர் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. 'பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்', 'நிகரிலிச் சோழத் தெரிந்த உடனிலைக் குதிரைச் சேவகர்', 'பெருந்தனத்து ஆனையாட்கள்'... இதில் 'தெரிந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட என்று அர்த்தம். கிடைத்தவனையெல்லாம் பிடித்து வேலைக் கையில் கொடுத்து அனுப்பவில்லை. வில்லுக்கு ஒரு பிரிவு, குதிரைக்கு ஒன்று, யானைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு. படை என்பது கூட்டம் அல்ல, நிர்வாகம்.

நிர்வாகம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு உதாரணம் நம்ம ஊர் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1746-ல் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கான் சுமார் பத்தாயிரம் பேரோடு அடையாற்றங்கரையில் வந்து நின்றார். எதிரே பரதி என்ற அதிகாரியின் தலைமையில் புதுச்சேரியிலிருந்து போன பிரெஞ்சுப் படை. மொத்தமே ஆயிரம் பேருக்குள்தான். அவர்கள் ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசை குலையாமல் சேர்ந்தாற்போல் சுட்டுக்கொண்டே முன்னேறினார்கள். பெரிய படை சிதறி ஓடியது.

'வெள்ளைக்காரன் வீரம்' என்று இதற்குக் கதை முடிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சின்னப் படையில் பாதிக்கு மேல் நம் நாட்டுச் சிப்பாய்கள்தானே? இரண்டு பக்கமும் இந்த மண்ணின் ஆட்கள். ஆளில் வித்தியாசம் இல்லை, பழக்கியதில்தான் வித்தியாசம். தஞ்சைக் கல்வெட்டு சொன்ன பாடத்தை எழுநூறு வருஷம் கழித்து வெளியிலிருந்து வந்தவன் நமக்கே நடத்திக் காட்டினான். எனக்கு வலிப்பது அதுதான்.

நான் காமர்ஸ் மாணவன், அதனால் கண் சம்பளக் கணக்குக்கும் போகிறது. வள்ளுவரும் போயிருக்கிறார்! படைமாட்சி அதிகாரத்தில், ஆள் குறைந்துபோவது, தீராத வெறுப்பு, வறுமை இந்த மூன்றும் இல்லாத படை வெல்லும் என்கிறார். அடுத்த குறளிலேயே, நிலைத்து நிற்கும் வீரர்கள் எத்தனை பேர் இருந்தாலும் தலைவர்கள் இல்லையென்றால் அது படையே இல்லை என்கிறார். யானைக் கணக்கு எதுவும் அவர் கேட்கவில்லை.

அடுத்த முறை யாராவது ராஜராஜனின் யானைகளை எண்ண ஆரம்பித்தால் ஒன்று கேளுங்கள்: அந்த யானைப் பிரிவின் பெயர் தெரியுமா? கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம்தான் படிக்காமல் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.