பசை வாங்கப் போன கதை

போன கோடையில் பிரான்சிலிருந்து மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். பத்து வயதுப் பேரன் கையில் ஒரு பெட்டி. எல்லேர் கம்பெனியின் கராவேல் விமானம். துண்டு துண்டாக இருப்பதை நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். வாலருகே இரண்டு என்ஜின் வைத்த அந்தப் பிரெஞ்சு ஜெட்டை 1964 முதல் நம் இந்தியன் ஏர்லைன்ஸும் ஓட்டியது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

பசை மட்டும் இல்லை. தீப்பற்றும் சரக்கு என்பதால் விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்களாம். "தாத்தா இருக்கேன்" என்று டிராயரில் கிடந்த, நொடியில் ஒட்டும் பசையை எடுத்தேன். ஆயுள் முழுக்கக் கோப்புக்குக் காகிதம் ஒட்டிய கை அல்லவா! இறக்கை ஒட்டியது. விமானி அறைக் கண்ணாடியையும் ஒட்டினேன். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளையாய்ப் பூத்திருந்தது. அந்தப் பசையின் ஆவிக்கே அந்தக் குணம் உண்டாம். பேரன் அழவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அதுதான் உறைத்தது.

பிறகுதான் விசாரித்தேன். இந்தப் பொம்மைகள் பாலிஸ்டைரீன். அதற்கான சிமென்ட் உண்மையில் பசையே அல்ல, கரைப்பான். இரண்டு பக்கத்தையும் லேசாக இளக்கி ஒன்றாக்கிவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். டியூபில் வருவது கெட்டி. நூல் நூலாய் இழுத்து மேலெல்லாம் அப்பும். தண்ணீர் போன்றதுதான் எனக்குப் பிடித்தது. துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ் நுனியைத் தொட்டால் போதும். மையொற்றுத்தாளில் மை ஓடுவதுபோல் தானே உள்ளே ஓடும். ஒட்டும் இடத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட வேண்டும். கண்ணாடித் துண்டுக்கு மட்டும் தச்சர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பசை.

நண்பர்கள் சும்மா இருப்பார்களா? "பி.வி.சி. பைப் ஒட்டுற சொல்யூஷன் போதும்யா" என்றார் ஒருவர். அது கெட்டி, முரடு. மெல்லிய கோடுகளையெல்லாம் தின்றுவிடும். இன்னொருவர், கெமிக்கல் கடையில் டைகுளோரோமீத்தேன் மலிவு, நொடியில் பிடிக்கும் என்றார். பிடிக்கும்தான். ஆனால் புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள சரக்கு அது. பேரனோ விமானத்துக்கு ஒரு அங்குலம் மேலே மூக்கை வைத்துக்கொண்டு உட்காருகிறவன். பிரெஞ்சில் பசைக்கு 'கொல்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

பலரும் மெச்சும் தமியா எக்ஸ்ட்ரா தின்னில் பியூட்டைல் அசிடேட்டும் அசிடோனும். பெரியவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தாராளமாக வாங்கலாம். அதுவும் தீர்த்தமல்ல. குழந்தை கூட உட்காருமென்றால், அதே கம்பெனியின் லிமோனீன் வகை என்பதே என் கட்சி. ஆரஞ்சு வாசனை, மண்டையைப் பிளக்காது. ஜன்னல் அதற்கும் திறந்துதான் இருக்க வேண்டும். காய நேரமாகும் என்று குறை சொல்கிறார்கள். ஆகட்டுமே! என்ஜினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், தன் பள்ளியில் ஒரு பையன் தினமும் வம்பிழுப்பதைச் சொன்னான். அவன் அம்மாவுக்கே அது தெரியாது.

கண்ணாடியை மாற்ற முடியவில்லை. "ப்ரூயார்" என்றான், பனிமூட்டம். அடுத்த முறை மிராழ் கொண்டுவருகிறானாம். பாதிப் புட்டி மிச்சம் இருக்கிறது. ஆவியாகிவிடாமல் மூடியை அவ்வப்போது இறுக்கி வைக்கிறேன்.