முடிவெடுக்க விடும் கடற்கரை

ஜனவரி பிறந்தால் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அந்த முட்டைகளைத் தேடி நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையில் கிளம்பும் இளைஞர் குழு ஒன்று, கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலில் நடந்து, விடிவதற்குள் பெசன்ட் நகர் சேரும். முட்டைப் பருவம் முடியும்வரை இந்த நடை தொடரும். வனத்துறை நடத்திவந்த ஆமை முட்டைப் பொரிப்பகம் நின்றுபோன நிலையில், 1988இல் சென்னை மாணவர்கள் சிலர் அந்த வேலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அப்படிப் பிறந்ததுதான். முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஆனார். இந்தியக் கடலாமைப் பாதுகாப்பின் வரலாற்றையும் எழுதினார்.

தலைமைப் பண்பை வளர்க்கிறோம் என்று நம் கல்லூரிகள் நடத்தும் பயிலரங்குகளில் ஒலிபெருக்கி உண்டு, சான்றிதழ் உண்டு. மாணவர் எடுக்க வேண்டிய முடிவு என்று ஒன்றுகூட இருப்பதில்லை. கடற்கரையில் நடப்பது வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் விளங்கும்.

ஆமை ஏறி இறங்கிய தடம் மணலில் தெரிகிறது. முட்டைக் குழி எங்கே என்பது தெரியாது, ஏனென்றால் ஆமை அதை மூடிவிட்டுப் போயிருக்கும். கோலால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகிக் கொடுக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சற்று அழுத்தினாலும் முட்டை உடையும். பிறகு கையாலேயே தோண்ட வேண்டும். ஒரு குழியில் நூறு முட்டைகளுக்கு மேல் இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள், உருட்டாமல், அதிராமல் எடுத்துப் போக வேண்டும். அதற்குப் பின் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், முட்டை புரண்டால் உயிர் போய்விடும். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், வாய் குறுகி வயிறு அகன்ற குடம்போலக் குழி தோண்டி மறுபடி புதைக்க வேண்டும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது என்பதால், எங்கே புதைக்கிறோம் என்பதும் முக்கியம். நாற்பத்தைந்து நாள் முதல் இரண்டு மாதம்வரை காத்திருந்தால் குஞ்சுகள் வெளிவரும். அவை வெளிச்சத்தை நோக்கி ஊர்பவை. நகரத்தின் விளக்குகள் அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும்.

இத்தனையையும் இரவு இரண்டு மணிக்குப் பார்த்துக்கொள்வது இருபது வயதுப் பெண்ணாகவோ பையனாகவோ இருக்கலாம். தடம் இருக்கிறது, குழி அகப்படவில்லை. ஆமை முட்டையிடாமலே திரும்பியதா? இன்னும் தேடுவதா, மேலே நடப்பதா? இன்னும் நான்கு கிலோமீட்டர் பாக்கி. அங்கே வேறொரு குழியை நாய்கள் பறித்துக்கொண்டிருக்கலாம். கூட வந்த புதியவருக்குக் கால் வலிக்கிறது. முட்டையிடும் ஆமையைச் சுற்றிச் சிலர் கைப்பேசி வெளிச்சத்தோடு நிற்கிறார்கள். சண்டை வராமல் அவர்களை விலக்க வேண்டும். கேட்டுச் சொல்ல மேலதிகாரி எவரும் இல்லை. தவறாக முடிவெடுத்தால் நூறு உயிர் போகும் என்பது அந்த இளைஞருக்குத் தெரியும். தலைமைக்குப் பயிற்சி என்று நான் ஒத்துக்கொள்வது இதைத்தான்: நிஜமான பொறுப்பும், அதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் மூத்தவர்களும்.

இளைஞர்களிடம் இப்படிப் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் 1955லேயே எலிசபெத் டைட்டஸ் என்ற வாசர் கல்லூரி மாணவி தன் பட்ட ஆய்வேட்டில் எழுதினார். தேசியப் பூங்காக்களின் பராமரிப்பு வேலைக்கு மாணவர்களை அனுப்பலாம் என்பது அவர் யோசனை. 1957இல் ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் பூங்காக்களில் அது தொடங்கியது. யோசனையைச் சொன்னவரே ஒரு மாணவி என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நம்மிடம் இதைவிடப் பெரிய அமைப்பு உண்டு. காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், ஒரு மாணவரிடம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேர உழைப்பைக் கேட்கிறது. அந்த மணிகளில் எவ்வளவு நல்ல வேலை செய்யலாம்! ஆனால் பல கல்லூரிகளில் அது ஏழு நாள் முகாமாகவும், சிறப்பு விருந்தினர் கையால் நடப்படும் மரக்கன்றாகவும் சுருங்கிவிட்டது. அந்தக் கன்றுக்கு ஏப்ரலில் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. ஒரே இடத்துக்கு, ஒரே வேலைக்கு, பருவம்தோறும் திரும்பி வருகிறவர்களுக்குத்தான் அந்த இடம் பழகும். சென்ற ஆண்டின் பிழை இந்த ஆண்டு கண்ணில் படும். புதிதாக வருபவருக்குச் சொல்லித்தரவும் முடியும். ஒரு கல்லூரி ஒரு ஏரியையோ ஒரு கடற்கரைத் துண்டையோ பத்து ஆண்டுகளுக்குத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் என்ன?

நடப்பதாலேயே ஆமைகள் பிழைத்துவிடா என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சு வாங்க நீர்ப்பரப்புக்கு வர வேண்டிய உயிர் அது. இழுவலையில் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். இனப்பெருக்கத்துக்கு ஆமைகள் கூடும் கரையோரக் கடலில் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்ற விதி இருந்தும் இது நடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. முட்டையைக் காப்பாற்றக் கற்ற இளைஞர், இறந்த ஆமைகளைக் கணக்கெடுத்து, அந்தக் கணக்கோடு அதிகாரிகள் முன் நின்று ஆமை தப்பிக்கும் அமைப்புள்ள வலையைக் கேட்கவும் கற்க வேண்டியிருக்கிறது. அதுவும் இந்தப் பயிற்சியில் ஒரு பாடம். மீனவரோடு உட்கார்ந்து பேசாமல் அந்தப் பாடம் முடியாது. எந்தக் காற்றுக்கு ஆமை கரையேறும், எந்தப் படகு எங்கே வலை விடுகிறது என்பதெல்லாம் அறிந்தவர்கள் குப்பத்தில்தான் இருக்கிறார்கள்.

குப்பத்துப் பிள்ளைகளே இதில் முன்னிற்கவும் முடியும். 2002இல் தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை மீனவ இளைஞர்களைக் கொண்டே கடலாமைப் பாதுகாப்புப் படை அமைத்திருக்கிறது. தன்னார்வப் பணி என்று சொல்லும்போது நாம் மறந்துவிடும் ஒன்று, இரவு முழுவதும் நடந்துவிட்டுப் பகலில் தூங்க முடிகிறவர் யார் என்பது. மாலையில் கடையில் வேலை பார்த்துக் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாணவரால் முடியாது. இரவில் கதவடைக்கும் விடுதியில் தங்கும் மாணவியாலும் முடியாது. வசதி உள்ளவருக்கு மட்டும் தலைமைப் பயிற்சி என்றால் அது அநீதி.

1933இல் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய குடிமக்கள் இயற்கைப் பாதுகாப்புப் படை இந்தச் சிக்கலை நேராகவே தீர்த்தது. 1942வரை ஏறத்தாழ 30 லட்சம் இளைஞர்கள் அதில் வேலை செய்து 300 கோடி மரங்கள் வரை நட்டார்கள். மாத ஊதியம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போயிற்று. வேலை கற்றுத்தர உள்ளூரின் அனுபவசாலிகளையும் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். பெண்களையும் கறுப்பின இளைஞர்களையும் அந்தப் படை நடத்திய விதத்தில் குறைகள் உண்டு. அவற்றை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஊதியத்தைப் பின்பற்றலாம். ஆமைப் பருவத்தின் நான்கு மாதங்களுக்கு உதவித்தொகை, காப்பீடு, மாணவிகளுக்கு விடுதி அனுமதியும் திரும்பிச் செல்ல வண்டியும், சொல்லித்தரும் மீனவருக்குச் சம்பளம், நடந்த இரவுகளை நலப்பணித் திட்டத்தின் 240 மணிக்குள் சேர்த்துக்கொள்ளும் ஓர் ஆணை. பல்கலைக்கழகங்களும் வனத்துறையும் மனம் வைத்தால் அடுத்த ஜனவரிக்குள் இதைத் தொடங்கிவிடலாம்.