பிரான்ஸ் காட்டுக்குள் கிராவல் சைக்கிள்: பாதை யாருக்குச் சொந்தம்?

தார் ரோடும் வேண்டாம், செங்குத்தான மலைச்சரிவும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவே ஜல்லியும் மண்ணும் கலந்த பாதை போதும் என்பவர்களுக்கானது கிராவல் சைக்கிள். ரேஸ் சைக்கிள் போலக் கீழே வளைந்த ஹேண்டில்பார். ஆனால் டயர் அகலம், சுமார் 40 மில்லிமீட்டர். காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் கல்லில் அவ்வளவாகக் குலுங்காது.

இதற்கு ஏற்ற இடம் பர்கண்டி பகுதியின் மோர்வான் மலைக்காடு. உச்சி 901 மீட்டர்தான். ஏற்ற இறக்கத்துக்கோ பஞ்சமில்லை. வடக்கே, 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வெஸ்லே தேவாலயம். தென்கிழக்கே, ரோமானியர் உருவாக்கிய ஓத்தன் நகரம்.

சிக்கல் எங்கே? பிரான்ஸ் காடுகளில் சுமார் முக்கால் பங்கு தனியார் சொத்து. வனவிலங்குகள் தடையின்றி நடமாட, வேலிகளைக் கட்டுப்படுத்தி 2023 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. நல்ல விஷயம். ஆனால் தனியார் இடம் என அடையாளமிட்ட காட்டுக்குள் நுழைந்தால் அபராதம் என்பதும் அதே சட்டத்தில்தான் வந்தது. மானுக்குத் திறந்த கதவு, மனிதனுக்கு மூடிக்கொண்டது.

நில உரிமையாளர்களின் கவலையில் நியாயம் உண்டு. அதற்காக, ஊரையும் ஊரையும் இணைத்த பழைய வழிகள் அறுந்துபோக விடலாமா? கிராமப் பாதைகள் உள்ளாட்சிகளின் சொத்து, மக்கள் பயன்பாட்டுக்கானவை. அவற்றைக் கணக்கெடுத்து, பலகை வைத்துக் காக்க வேண்டும். சைக்கிள்காரர்களும் நடந்து வருபவரைக் கண்டால் வேகத்தைக் குறைக்கணும், மழைக்காலச் சேற்றுத் தடத்தை உழுதுவிடக் கூடாது. பாதை மிஞ்சினால்தானே பயணம்!