ஆட்டத்தோடு சனத்தையும் சேர்த்துக்கொண்டவர்

1992 பெப்ரவரி 1ஆம் திகதி. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்ற வறிய நகரத்தில் 82 வயதுப் பெண் ஒருவர் சாப்பாட்டை நிறுத்தினார். மூட்டுவாதத்தால் நடக்கவே கஷ்டப்பட்டவர். தனக்கென்று அவர் எதையும் கேட்கவில்லை. ஹெயிட்டியில் இருந்து படகேறித் தப்பி வந்த சனத்தை அமெரிக்கக் கரையோரக் காவற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துங்கள் என்பதுதான் கோரிக்கை. 47 நாட்கள் உண்ணாமல் இருந்தார்.

அவர் அரசியல்வாதி இல்லை. நடனக்காரி, நடன ஆசிரியை. பெயர் கேத்தரின் டன்ஹாம்.

படகு, நடுக்கடல், திருப்பி அனுப்புதல், உண்ணாவிரதம். இந்தச் சொற்களுக்கு எங்களுக்கு யாரும் விளக்கம் தரத் தேவையில்லை. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரையும், 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரையும் மறக்காத வாசகர்கள் இதைப் படிக்கிறீர்கள். ஆனால் சிக்காகோவில் பிறந்த ஒரு கறுப்பின அமெரிக்கப் பெண்ணுக்கு ஹெயிட்டிப் படகுக்காரர் என்ன உறவு? அவருடைய நாட்டவர் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. அவர்களிடம் இருந்து அவர் எடுத்தது ஒன்றுதான்: ஆட்டம்.

டன்ஹாம் பிறந்தது 1909இல். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார், கூடவே நடனமும். அந்தக் காலத்தில் அமெரிக்க மேடையில் கறுப்பர் ஆடுவதென்றால் சிரிப்புக் காட்டுவதற்குத்தான். அவர்களின் ஆட்டத்துக்கு ஒரு வேர் இருக்கும், இலக்கணம் இருக்கும் என்று நினைத்தவர்கள் மிகக் குறைவு. டன்ஹாம் அதைத் தேடிப் போக விரும்பினார். ரோசன்வால்ட் நிதியத்தின் உதவியோடு 1935இல் கரீபியன் தீவுகளுக்குப் புறப்பட்டார். ஜமேக்கா, மார்ட்டினிக், டிரினிடாட், ஹெயிட்டி.

ஜமேக்காவில் அக்கொம்பொங் என்ற மலைக்கிராமத்தில் ஒரு மாதம் இருந்தார். அடிமைத் தோட்டங்களில் இருந்து ஓடிப்போய், மலையில் இருந்து சண்டை பிடித்து, 1739இல் பிரித்தானியரையே உடன்படிக்கைக்கு இணங்க வைத்த மரூன் மக்களின் ஊர் அது. அவர்கள் தங்கள் பழைய போர் ஆட்டத்தை வெளியாட்களுக்குக் காட்ட விரும்பவில்லை. ஏன் காட்ட வேண்டும்? நோட்டுப் புத்தகத்தோடு வருகிற எல்லோரையும் நம்பிவிட முடியுமா? டன்ஹாம் அவசரப்படவில்லை. கூட இருந்து, கூடச் சாப்பிட்டு, கதைகேட்டுக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் ஆட்டம் நடந்தது, அவரும் வட்டத்துக்குள் இறங்கி ஆடினார். அந்த ஒரு மாதத்தைப் பற்றி 1946இல் ஒரு புத்தகமே எழுதினார்.

ஹெயிட்டி அவரை இன்னும் ஆழமாகப் பிடித்துக்கொண்டது. அங்கே மேளமும் ஆட்டமும் வூடு வழிபாட்டின் உள்ளே இருப்பவை. தம்பாலா என்ற பாம்புத் தெய்வத்துக்கு ஆடும் 'யன்வலு' ஆட்டத்தில் முதுகெலும்பு அலை மாதிரி நெளியும். அதைப் படம் பிடித்துக்கொண்டு வந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை, அந்த வழிபாட்டிலேயே தீட்சை பெற்றார். பிறகு டன்ஹாம் முறை என்று பெயர்பெற்ற பயிற்சியில் அந்த நெளிவு முக்கியமான ஒரு பாடமாகிவிட்டது. தலை, தோள், இடுப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அசைக்கப் பழகுவது, வகுப்பிலேயே மேளக்காரரை உட்கார்த்தி வைப்பது எல்லாம் அங்கே இருந்து வந்தவை.

ஊர் திரும்பிய பிறகு நடந்தது வெற்றிக் கதை. மார்ட்டினிக்கின் சண்டை ஆட்டத்தை வைத்து 1938இல் 'லக்யா', 1940இல் பிராட்வே, 1943இல் 'ஸ்டோர்மி வெதர்' படம், பிறகு ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா, ஆசியா, அவுஸ்திரேலியா என்று பயணங்கள். இங்கே ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மேடைகளில் மினுக்கமும் கவர்ச்சியும் தாராளமாக இருந்தன. கோயிலில் ஆடியதை மாலைநேரக் களியாட்டமாக விற்றார் என்று சொன்னால் அதை முழுக்க மறுக்க என்னால் முடியாது. சீட்டு விற்காவிட்டால் குழுவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பதும் உண்மை.

ஆனால் அவருடைய பள்ளியைப் பாருங்கள். 1940களின் நடுவில் நியூயோர்க்கில் தொடங்கிய அந்தப் பள்ளியில் ஆட்டத்தோடு மானிடவியலும் மொழிகளும் பாடமாக இருந்தன. மார்லன் பிராண்டோவும் எர்தா கிட்டும் படித்த இடம். ஒரு அசைவைக் கற்றுக்கொள்கிற பிள்ளை அது யாருடைய அசைவு, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே விதி.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்று. போன வருடம் மகளின் நடன வகுப்பு ஆண்டு விழாவில் கிராமியப் பகுதி என்று சுளகு நடனம் வைத்தார்கள். சற்றின் பாவாடை, காட்போட்டில் வெட்டித் தங்க நிறம் பூசின சுளகு. அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும்போது காரில் மகள் கேட்டாள், "அம்மம்மா, அது என்ன, விசிறியா?" என் அம்மா சிரித்துவிட்டு, "நீங்கள் புடைச்ச மாதிரிப் புடைச்சா அரிசி முழுக்க நிலத்திலதான் கிடக்கும், பிள்ளை" என்று சொன்னா. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தன் தாய் அயல் வீடுகளுக்கு நெல்லுக் குத்திப் புடைக்கப் போனதையும், கூலியாகக் குறுணல் கொண்டு வந்ததையும் சொன்னா. 50 வயதாகிறது எனக்கு. அந்தக் கதையை அன்றுதான் முதல்முதல் கேட்டேன்.

ஆசிரியையைக் குறை சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு மணித்தியாலம், 20 பிள்ளைகள், விழாவுக்கு நாள் நெருங்குகிறது. அவவால் என்ன செய்ய முடியும்? ஆனாலும் கிராமிய நடனம் என்றால் பரதநாட்டியத்துக்கு நடுவில் பார்வையாளர் களைப்பாறுகிற ஐந்து நிமிடம் என்ற எண்ணம் எங்கள் எல்லாருக்கும் இருக்கு. உழைத்த சனத்தை விட்டுவிட்டு அவர்களின் கைவீச்சை மட்டும் எடுத்து வந்திருக்கிறோம்.

டன்ஹாம் அப்படி விடவில்லை. 1944இல் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் கறுப்பரை மேல்மாடத்தில் தனியாக இருத்தியதைப் பார்த்துவிட்டு, இது மாறும்வரை இங்கே ஆட வரமாட்டேன் என்று மேடையிலேயே அறிவித்தார். 1950இல் பிரேசிலில் ஒரு ஹோட்டல் நிறத்தைக் காரணம் காட்டி அவரை ஏற்க மறுத்தபோது விடயத்தைப் பகிரங்கமாக்கினார். அடுத்த வருடமே அந்த நாட்டில் நிறப் பாகுபாட்டைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. 1951இல் சிலியின் தலைநகர் சந்தியாகோவில் 'சவுத்லாண்ட்' என்ற ஆக்கத்தை மேடையேற்றினார். கறுப்பரை மரத்தில் தொங்கவிட்டுக் கொல்லும் கொடுமை பற்றியது. வெளிநாட்டில் அமெரிக்காவின் மானத்தை வாங்கிவிட்டார் என்று அரச தரப்புக்குக் கடுங்கோபம். அதன் பிறகு அரசு செலவழித்து அனுப்பிய கலைப் பயணங்களில் அவருடைய குழுவுக்கு இடம் கிடைக்கவில்லை.

1967இல் ஈஸ்ட் செயின்ட் லூயிசுக்கு வந்தார். தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த ஊர், தெருவில் குழுச்சண்டை. வந்த புதிதில் ஒரு இளைஞனை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்கப் போய்த் தானும் சில மணித்தியாலம் சிறையில் இருந்தார். பிறகு அங்கேயே கலைப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கி, அந்தக் குழுக்களில் இருந்த பெடியளுக்கே மேளமும் ஆட்டமும் கராத்தேயும் பழக்கினார். மேளம் பழக்க செனகலில் இருந்து மோர் தியாம் என்ற கலைஞரை வரவழைத்தார். 'சம்மக் சல்லோ' பாடிய ஏகானின் அப்பாதான் அவர். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அந்த நகரத்து வீட்டில்தான் 1992இல் அந்த உண்ணாவிரதம். ஹெயிட்டியில் இராணுவம் கவிழ்த்த ஜனாதிபதி அரிஸ்டிட் நேரில் வந்து கேட்டுக்கொண்ட பிறகே முடித்தார். அமெரிக்க அரசு மனம் மாறவில்லை. அதே வருடம் மே மாதம், மறித்த படகுக்காரரை விசாரணையே இல்லாமல் திருப்பி அனுப்பும் உத்தரவு வந்தது. அரிஸ்டிட் நாடு திரும்ப 1994 ஒக்டோபர் ஆனது. டன்ஹாம் 2006இல் இறந்தபோது வயது 96. யன்வலு இன்றைக்கும் அமெரிக்க நடனப் பள்ளிகளில் பழக்கப்படுகிறது.

இந்த வருடப் பயிற்சி தொடங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை அம்மாவை வகுப்புக்குக் கூட்டிவரலாமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். உடனே ஓம் என்று சொன்னா. பனை ஓலைச் சுளகு ஒன்று ஊரில் இருந்து வருகிற ஆளிடம் சொல்லியிருக்கு. உமியோடு நெல்லுக்கு எங்கே போவது, மண்டபத்தில் கொட்டினால் யார் கூட்டுவது என்றுதான் அம்மா இப்ப யோசிச்சுக்கொண்டிருக்கிறா.