கை நீட்டுமுன் கணக்கெழுதுவோம்

யாழ்ப்பாணத்து விவசாயிக்குக் கிணறே ஆறு, கிணறே குளம். சுண்ணக்கற் பாறையிடையே தேங்கும் அந்நீர், தோட்டத்துப் பசளையையும் மலக்குழிக் கசிவையும் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே எல்லையென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. வலிகாமத்துக் கிணறுகள் பல அவ்வெல்லையைத் தாண்டியவையென ஆய்வாளர் பன்முறை எடுத்துரைத்துவிட்டனர். அந்நீரிற் கரைத்த பால்மா பச்சிளங் குழந்தைக்குக் கேடாகும்.

பரிகாரத்துக்குப் பணம் வேண்டும். தருவோர் இல்லாமலில்லை. யப்பானிய அரசாங்கம் 1989 முதல் சிறு சமூகத் திட்டங்களுக்கு நன்கொடை வழங்கிவருகிறது. தனியாளுக்கு அது கிடையாது. உள்ளூராட்சி மன்றங்களும் இலாபநோக்கற்ற சங்கங்களும் கேட்கலாம். கட்டடத்துக்கும் கருவிக்கும் கிடைக்கும். அன்றாடச் செலவுக்குக் கிடையாது. நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தைக் கேட்பது எளிது. அதன் மின்கட்டணத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் யார் பொறுப்பு? விண்ணப்பத்தின் உயிர் இக்கேள்விக்கான விடையிலேயே உள்ளது.

1926இல் றொக்பெல்லர் மன்றத்தின் துணையுடன் களுத்துறையில் சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. அரசாங்கம் அதனைத் தனதாக்கிக் கொண்டமையாலேயே அம்முறை நாடெங்கும் பரவி நிலைத்தது. பிறர் பணத்தையே நம்பியிருப்பது பேதைமை. 1961இல் தோன்றிய அமெரிக்க உதவி நிறுவனமே 2025இல் மூடப்பட்டதன்றோ!

ஆதலால், கற்றோர் முதலில் ஊர்க்கிணறுகளைப் பரிசோதிப்பித்து அளவுகளை ஏட்டிற் பதியட்டும். விவசாயிகள் தாம் இடும் பசளையின் அளவை மறையாது கூறட்டும், குறைக்கவும் முன்வரட்டும். சங்கம் மாதச் சந்தா திரட்டிப் பகிரங்கமாகக் கணக்குக் காட்டட்டும். இம்மூன்றும் கையிலிருந்தால் எவர் வாசலிலும் தலைநிமிர்ந்து நிற்கலாம். அப்போது நாம் கேட்பது பிச்சையன்று, பங்கு!