தாங்காது என்கிறவர்கள்

"இண்டர்நெட் இனிமேல் தாங்காது" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். படித்தவர்கள், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிறபோது, படம் நடுவில் நின்று திரையில் ஒரு வட்டம் சுழல ஆரம்பித்தால் போதும். உலகத்தின் கதியைப் பற்றியே அவர்களுக்குக் கவலை வந்துவிடுகிறது. "எப்படி ஐயா தாங்கும்? காய்கறி வண்டிக்காரன் கையிலும் செல்போன். சித்தாள் கையிலும் செல்போன். பொழுதெல்லாம் வீடியோ பார்க்கிறார்கள். டேட்டாவை இவ்வளவு மலிவாகக் கொடுத்ததே தப்பு!" என்கிறார்கள்.

இந்தப் பேச்சில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. வளர்கிற தேவைக்கு இணையத்தின் அமைப்பு ஈடுகொடுக்காது என்பது ஒன்று. அப்படி ஈடுகொடுக்காமல் போனால் அதற்குக் காரணம் ஏழை ஜனங்கள் என்பது மற்றொன்று. முதலாவது பிழை. இரண்டாவது அநியாயம்.

முதலாவதைப் பார்ப்போம். 'தாங்காது' என்ற ஜோசியம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. ராபர்ட் மெட்கால்ஃப் என்று ஓர் அமெரிக்க நிபுணர். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற 'ஈதர்நெட்' முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். ஆகவே விஷயம் தெரியாதவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. அவர் 1995-ஆம் வருஷக் கடைசியில் ஒரு பத்திரிகையில், அடுத்த வருஷமே இணையம் நெரிசல் தாங்காமல் நிலைகுலைந்து விழுந்துவிடும் என்று எழுதினார். விழாவிட்டால் எழுதியதைத் தின்றுவிடுவதாகவும் வாக்களித்தார். 1996 வந்தது, போயிற்று, இணையம் விழவில்லை. 1997-இல் ஒரு மகாநாட்டில், அந்தக் கட்டுரை அச்சான தாளைத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, சபையோர் பார்க்கச் சாப்பிட்டார் மனிதர். பலிக்காத ஜோசியத்துக்கு இவ்வளவு நாணயமாகப் பரிகாரம் செய்துகொண்டவர் வேறு யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஏன் விழவில்லை? மயிரிழை போன்ற கண்ணாடி இழை அதைத் தாங்கிக்கொண்டது. கண்ணாடி இழை வழியாக ஒளியைச் செலுத்தி வெகுதூரம் செய்தி அனுப்ப முடியும் என்று 1966-இல் சார்லஸ் காவ் எடுத்துக்காட்டினார். 2009-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். 1988-இல் அட்லாண்டிக் கடலடியில் முதல் கண்ணாடி இழைக் கேபிளைப் போட்டபோது, அதில் ஒரே சமயத்தில் சுமார் 40,000 டெலிபோன் பேச்சுகள் போகலாம் என்பதே பெரிய அதிசயமாக இருந்தது. பிறகு, ஒரே இழைக்குள் பல நிற ஒளிகளை அனுப்பி, நிறத்துக்கு ஒரு செய்தியாகச் சுமக்க வைக்கும் வித்தை கைகூடியது. கடலடியில் கிடக்கிற இழையைத் தொட வேண்டியதில்லை. இரு கரைகளிலும் உள்ள கருவிகளை மாற்றினாலே அது முன்னைவிடப் பல மடங்கு சுமக்கும். 2017-இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே முடிக்கப்பட்ட 'மரேயா' கேபிளை, விநாடிக்கு 160 டெராபிட், அதாவது 160 லட்சம் கோடி பிட் கொள்ளும்படி அமைத்தார்கள்.

நம் நாட்டுக் கணக்கையே பாருங்கள். 2014-இல் ஒரு சந்தாதாரர் மாதத்துக்குச் சராசரியாகச் செலவழித்த டேட்டா 62 மெகாபைட் அளவுதான். பத்து வருஷத்தில் அது 20 ஜிகாபைட்டைத் தாண்டிவிட்டது. முந்நூறு மடங்குக்கு மேல்! 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வீடியோ கம்பெனிகள் சில வாரங்களுக்குப் படத்தின் தெளிவைக் குறைத்துக்கொண்டன. தெளிவுதான் குறைந்தது, இணையம் நின்றுவிடவில்லை.

ஆகவே, பணம் இருக்கிற இடத்தில் அமைப்பு எப்போதும் ஈடுகொடுக்கிறது. 2025-இல் மெட்டா கம்பெனி ஒரு கடலடிக் கேபிள் திட்டத்தை அறிவித்தது. அமெரிக்கா, பிரேஸில், தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளைத் தொட்டு 50,000 கிலோமீட்டருக்கு மேல் போகிற கேபிள். பூமியின் சுற்றளவைக் காட்டிலும் நீளம். அங்கே யாரும் "தாங்குமா?" என்று கேட்கவில்லை. லாபம் வரும் என்று தெரிந்த இடத்தில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. ஏழையின் தெருவுக்கு வரும்போதுதான் எழுகிறது.

2011-இல் நம் மத்திய அரசு ஒரு திட்டத்துக்கு அனுமதி தந்தது. இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள். இரண்டு வருஷத்தில் முடித்துவிடுவதாகப் பேச்சு. பிறகு 'பாரத்நெட்' என்று பெயர் மாறியது. கெடுவும் மாறியது, ஒரு முறையல்ல, பல முறை. 2023-இல், அதைச் செப்பனிட்டு விரிவாக்க 1,39,579 கோடி ரூபாய் மறுபடி ஒதுக்கினார்கள். கேபிள் கிராமத்துக்குப் போய்ச் சேருவது வேறு. அதில் தினந்தோறும் ஒளி ஓடுவது வேறு. ரோடு தோண்டுகிறவர் கடப்பாரையில் இழை அறுபட்டால் வந்து ஒட்டிக் கொடுக்க ஆள் வேண்டும்; பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். இவையெல்லாம் விஞ்ஞானத்தின் கஷ்டங்களா? நிர்வாகத்தின் கஷ்டங்கள்.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அந்தமான் சாட்சி. அந்தத் தீவு ஜனங்கள் நெடுங்காலம் செயற்கைக்கோளை நம்பிக் காத்துக் கிடந்தார்கள். சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கடலடிக் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்டில் இணைப்புக் கொடுத்தார்கள். கொஞ்சம் ஜனத்தொகைக்கு இவ்வளவு பெரிய முதலீடு என்று எந்த வியாபாரியும் முன்வந்திருக்க மாட்டார். பொதுப் பணம் போயிற்று, காரியம் நடந்தது.

அந்தப் பொதுப் பணம் யாருடையது தெரியுமா? 2002 முதல், டெலிபோன் கம்பெனிகளின் வருமானத்தில் ஐந்து சதவீதம், எல்லாருக்கும் சேவை போய்ச் சேர வேண்டும் என்பதற்கான நிதிக்கு ஒதுக்கப்படுகிறது. கம்பெனியின் வருமானம் நம் பில்லும் ரீசார்ஜும்தானே? அந்தக் காய்கறி வண்டிக்காரர் போடுகிற ரீசார்ஜிலும் அந்த நிதிக்கு ஒரு பங்கு போகிறது. அவர் கொடுத்த காசின் பெரும்பகுதி பல வருஷம் செலவழியாமல் கிடந்தது. கொடுத்தவரையே இப்போது நாம் நெரிசலுக்குக் காரணம் என்கிறோம்!

"அதெல்லாம் சரி, எங்கள் தெருவில் மாலை வேளையில் சிக்னல் இழுக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்போன் டவர் பலருக்குப் பொது. ஒரே நேரத்தில் எல்லாரும் கேட்டால் அவரவர் பங்கு குறையத்தான் செய்யும். நம் நாட்டில் பல டவர்களுக்கு இன்னும் கண்ணாடி இழை போய்ச் சேரவில்லை; காற்றலை வழியாகவே அவை செய்தி வாங்குகின்றன. அதற்குப் பரிகாரம் இன்னும் டவர்களும் இன்னும் இழைகளுமே தவிர, அண்டை வீட்டாரின் வாயைக் கட்டுவதல்ல. பஸ்ஸில் நாம் ஏறினால் பிரயாணம், அவர் ஏறினால் கூட்டம் என்று பேசுகிற புத்திதான் இது.

உங்கள் படம் நின்றதற்குக் காரணம் அந்தத் தெருவிலேயே இல்லாமலும் இருக்கலாம். 2024 பிப்ரவரியில் செங்கடலில் மூன்று கேபிள்கள் அறுந்தன. ஏவுகணைத் தாக்குதலுக்கு ஆளாகி மிதந்து போன ஒரு கப்பலின் நங்கூரம் இழுத்ததே காரணம் என்று கருதப்பட்டது. 2025 செப்டம்பரில் மறுபடி செங்கடலில் கேபிள்கள் அறுந்து, இந்தியா உட்படப் பல நாடுகளில் வேகம் குறைந்தது. 2022 முடிவில் இந்தியாவுக்கு வந்த 17 பன்னாட்டுக் கடலடிக் கேபிள்களும் மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் என்ற ஐந்தே ஊர்களில் கரையேறின. பாதை குறைவாக இருந்தால் ஆபத்து அதிகம். 2011-இல் ஜார்ஜியா நாட்டில் ஒரு மூதாட்டி செம்புக் கம்பி தேடி மண்ணைத் தோண்டியபோது கேபிள் அறுந்து, பக்கத்து நாடான ஆர்மீனியாவில் பெரும்பகுதிக்குப் பல மணி நேரம் இணையம் இல்லாமற் போயிற்று என்று செய்தி வந்தது. எல்லாரும் அந்தக் கிழவியைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு நாட்டையே ஒரு கேபிளை நம்பி விட்டவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழைகளின் இந்தத் தேவையை உண்டாக்கியவர் யார்? 2020-இல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பாடத்தைச் செல்போனில் படி என்றோம். சிக்னலுக்காகப் பிள்ளைகள் மரத்தில் ஏறினார்கள், குன்றில் ஏறினார்கள். 2023-இல், நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் வருகையைச் செல்போன் செயலியில் போட்டோவுடன் பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாத இடத்தில், நாளெல்லாம் மண் சுமந்தவளுக்கு வருகை பதிவாகவில்லை. படிப்பையும் கூலியையும் கொண்டுபோய் இணையத்தில் வைத்துவிட்டு, அதைத் தேடி வருகிறவளைப் பார்த்து, "நீங்களெல்லாம் வந்தால் தாங்காது" என்பது என்ன நியாயம்? அவள் சாயங்காலத்தில் ஒரு பாட்டுக் கேட்டு, ஒரு சினிமாத் துண்டு பார்த்துச் சிரித்தால்தான் என்ன? நம் பொழுதுபோக்குக்கு மட்டும் யார் தனி உரிமை எழுதிக் கொடுத்தார்கள்?

நடுத்தர வர்க்கத்தாருக்கு ஒரு பலம் உண்டு: அவர்கள் புகார் செய்தால் காது கொடுத்துக் கேட்பார்கள். அந்தப் பலத்தை வண்டிக்காரர் மீது காட்டவேண்டாம். உங்கள் சொந்தக் கிராமத்துப் பஞ்சாயத்து ஆபீசுக்குக் கேபிள் வந்துவிட்டதா, வந்தது வேலை செய்கிறதா, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து இணைப்புப் போயிருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் பார்லிமெண்ட் அங்கத்தினருக்கு எழுதுங்கள்; பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். அந்த நிதியில் உங்கள் காசும் இருக்கிறது. கேட்க உங்களுக்குப் பாத்தியதை உண்டு.